இரைச்சலும் இன்னொலியும்

ஒலியைத் தொலைவிற்கு அனுப்பும் கலை தோன்றிய நாளிலேயே அதன் பகையும் உடன் தோன்றிவிட்டது. அப்பகைக்கு இரைச்சல் என்று பெயர். வானொலிப் பெட்டியில் கரகரப்பாகவும், தொலைபேசியில் சலசலப்பாகவும், ஒலிபெருக்கியில் ஓயாத முரலலாகவும் நாம் கேட்பவை யாவும் அதன் பல்வேறு உருவங்களே. இன்று இணையத்தின் வாயிலாக, செம்புக் கம்பியிலும் கண்ணாடி இழையிலும் ஏறி, பாட்டும் பேச்சும் வீட்டிற்குள் வந்து சேர்கின்றன. இருந்தும், நல்ல விலை கொடுத்து ஒலிபெருக்கி வாங்கி வைத்தவர்கள்கூட, "பாட்டு நின்றவுடன் உம்மென்று ஓர் ஓசை கேட்கிறதே, இஃது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கின்றனர். கடைக்காரர் ஒருவர் ஒரு கம்பியை மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் ஒரு பெட்டியை வாங்கச் சொல்கிறார். பணம் போகிறதேயன்றி ஓசை போவதில்லை.

இவ்வினாவிற்கு விடை காண வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பதே நல்வழி. இரைச்சலோடு மனிதன் நடத்திய போர் நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. அதில் வென்ற இடங்களும் உண்டு. இன்னும் வெல்லாத இடங்களும் உண்டு. அப்போரின் தொடக்கக் காலத்தில் நம் ஜொகூர் மாநிலத்திற்கும் ஓர் இடம் உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

மின்னலைக் கேட்ட முதற் கருவி

1895ஆம் ஆண்டு மே மாதம் ரஷ்ய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகரில் அலெக்சாந்தர் பப்போவ் என்னும் விஞ்ஞானி ஒரு கருவியை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். தொலைவில் மின்னல் வெட்டினால் இக்கருவியின் மணி ஒலிக்கும். புயல் வருவதை முன்னறிவிப்பதே அதன் வேலை. அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவரைக் கடந்து சென்ற மின்னலைகளால் மணியை அடித்தும் வெடிமருந்தை வெடித்தும் காட்டினார். வானொலியின் முன்னோடிக் கருவிகளில் ஒன்று மனிதக் குரலைக் கேட்பதற்கு முன்பே வானத்து இடியைக் கேட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். எதைக் கேட்கவென்று அக்கருவி பிறந்ததோ, அதுவே பின்னர் வானொலிக்குத் தீராத தொல்லையாயிற்று.

1901ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிக் குறியை நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அவர் உண்மையிலேயே அக்குறியைத்தான் கேட்டாரா, அல்லது வானத்துக் கரகரப்பைக் குறியென்று எண்ணினாரா என்று இன்றும் ஐயுறுவோர் உளர். காதில் விழுந்தது செய்தியா, இரைச்சலா என்னும் இக்கேள்வி அன்று முதல் இத்துறையை விட்டு அகலவில்லை.

ஜொகூருக்கு வந்த பெட்டி

மலாயாவிற்கு முதன்முதலில் வானொலிப் பெட்டியைக் கொண்டு வந்தவர் ஏ. எல். பர்ச் என்பவர். இவர் ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியியலாளராகப் பணியாற்றியவர். 1921ஆம் ஆண்டில் அப்பெட்டி வந்தது. அதன் பிறகு அவர் ஜொகூர் வானொலிச் சங்கத்தை அமைத்து, 300 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பும் நடத்தினார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய சங்கங்கள் பின்னர் எழுந்தன. தமிழ் வழங்கும் பிற இடங்களிலும் இதே காலத்தில் இதே ஆர்வம் கிளர்ந்தது. 1924இல் சென்னையில் மாகாண வானொலிக் கழகம் சிறிய கருவியொன்றைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் வானொலி நிலையம் திறக்கப்பெற்றது.

இவ்வார்வலர்கள் யாவரும் ஒரே இடையூற்றை எதிர்கொண்டனர். 300 மீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் அதிர்வுகள் கொண்ட மத்திய அலை. மின்னல் ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஒலிபரப்பு நிலையம் போன்றது. அது எல்லா அலைவரிசைகளிலும் ஒருங்கே கத்துகிறது. ஆயினும் அதன் வலிமை நீண்ட அலைகளில் மிகுதி. அலை குறுகக் குறுக அது தேயும். குளிர்நாடுகளில் வாழ்ந்த பொறியியலாளர்கள் கோடைக்காலத்தில் மட்டுமே கண்ட இத்தொல்லையை, நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூர் ஆண்டு முழுதும் கண்டது. பிற்பகலில் வானம் கறுத்து, முந்தஹாக் மலைப் பக்கம் இடி முழங்கும் வழக்கத்தைக் கோத்தா திங்கியில் வாழ்பவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உலகில் இடிமழை மிகுந்த நிலப்பகுதிகளுள் மலாயாத் தீபகற்பமும் ஒன்று. இங்கே மத்திய அலையில் ஒலிபரப்புவது சந்தைக் கூட்டத்தின் நடுவே நின்று மெல்லப் பேசுவதை ஒத்தது.

மூவகை இரைச்சல்

இரைச்சலை வெல்வதற்கு முன் அதை அறிய வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளைஞரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் கரகரப்பு எத்திசையிலிருந்து வருகிறது என்று அவர் கண்டறிய வேண்டும். சக்கரங்களின் மேல் சுழலும் பெரிய வானலை ஏற்பி ஒன்றை அவர் அமைத்தார். 1932, 1933ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட முடிவுகள் இரைச்சலை மூவகையாகப் பிரித்தன. முதலாவது, அண்மையில் உள்ள இடிமழையால் வருவது. இரண்டாவது, தொலைவிலுள்ள இடிமழைகளால் வருவது. மூன்றாவது, ஓயாது சீறும் மெல்லிய ஓசை. அது பால்வீதி மண்டலத்தின் மையத்திலிருந்து வருவதென்று அவர் கண்டார். தொலைபேசிக் குறையைத் தேடப் போனவர் வானொலி வானியல் என்னும் புதிய அறிவியலுக்கே வாயில் திறந்துவிட்டார். ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குச் செய்தியாக இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே ஆய்வுக்கூடத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் இருவர் வேறோர் உண்மையைக் கண்டனர். எந்தக் கம்பியிலும் எந்தத் தடையிலும் வெப்பத்தின் காரணமாக மின்னணுக்கள் ஓயாது அசைகின்றன. அவ்வசைவே ஒரு மெல்லிய சீறலை உண்டாக்கும். 1928இல் இது அளவோடு நிறுவப்பட்டது. வெப்பம் உள்ளவரை அச்சீறலும் உண்டு. ஆகவே இரைச்சலை அடியோடு ஒழிப்பது இயலாத காரியம். வேண்டிய ஒலிக்கும் வேண்டாத ஒலிக்கும் இடையேயுள்ள தொலைவைப் பெருக்குவதே நம்மால் ஆகக்கூடியது. பின்வந்த முயற்சிகள் அனைத்தும் இந்த ஒரே குறிக்கோளைப் பற்றியவையே.

மனிதன் எழுப்பிய இரைச்சல்

வானத்து இரைச்சலோடு மனிதன் எழுப்பும் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. மின்சார டிராம், மின்மோட்டார், மோட்டார் வண்டியின் பொறி, குளிர்பதனப் பெட்டியின் விசை ஆகிய எங்கெல்லாம் மின்பொறி பறக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு சிறிய மின்னல் பிறக்கிறது. வானொலி பெருகிய நாடுகளில் அண்டை வீட்டார் தம்முள் வழக்காடும் அளவிற்கு இது முற்றியது. 1934ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வானொலி இடையூறு பற்றிய அனைத்துலகச் சிறப்புக் குழு கூடியது. சிஸ்பர் என்று சுருக்கமாக வழங்கும் அக்குழு, மின்கருவி எவ்வளவு இரைச்சலை வெளியிடலாம் என்பதற்கு வரம்பு வகுத்தது. இன்றும் அவ்வரம்புகளே பல நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படையாக உள்ளன. கேட்பவன் காதைப் பொத்திக்கொள்வது ஒருபுறம் இருக்க, இரைப்பவன் வாயை அடக்குவதும் நீதியே என்னும் கொள்கை இதனால் நிலைபெற்றது.

மலாயாவில் 1937இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து முறையான ஒலிபரப்பு நடைபெறலாயிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பிறகு வானொலியின் கதை மாறியது. பெட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும். அயல்நாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றம். பகைவரின் குரல் மேல் வேண்டுமென்றே இரைச்சலைப் பொழிந்து மறைக்கும் கலையையும் உலகம் அந்தப் போர்க்காலத்தில் நன்கு கற்றுக்கொண்டது. மறுபுறம், சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்து வானொலி சிங்கப்பூரிலிருந்து ஒலித்தது. அதில் தமிழும் இடம்பெற்றது. கரகரப்பின் ஊடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்களுக்கு ஒரு சொல் தவறினாலும் பொருள் மாறிவிடும் காலம் அது.

1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தோன்றி, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், கூடிக் கேட்பதற்கென்று பொது வானொலிப் பெட்டிகள் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அளிக்கப்பட்டன. அரசாங்கம் தன் செய்தியைப் பரப்பவே அவற்றை வைத்தது என்பது மெய்தான். ஆயினும் லயன் வாசலில் கூடியவர்கள் செய்தி முடிந்தபின் பாட்டுக்காகக் காத்திருந்தனர் என்பதும் மெய். மின்சாரம் எட்டாத இடங்களில் அப்பெட்டிகள் மின்கலத்தால் இயங்கின. மின்கலத்திலிருந்து வரும் மின்சாரத்தில் அலைவு இல்லை. ஆதலின் முரலலும் இல்லை. ரப்பர் ஆலையின் எஞ்சினும் அதனோடு சுழலும் டைனமோவும் இயங்கத் தொடங்கினாலோ கதை வேறு. டைனமோவின் கரித்துண்டுகள் உரசும் இடத்தில் பொறி பறக்கும். அருகிலுள்ள பெட்டி கரகரக்கும். ஒரே தோட்டத்தில் மின்கலத்துப் பெட்டி தெளிவாகவும், ஆலையின் மின்சாரத்தில் ஓடும் பெட்டி கலங்கியும் ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. மின்சாரம் தூயதாயின் ஒலியும் தூயதாகும் என்னும் பாடம் அன்றே நம் கண்முன் இருந்தது.

காண்டா வாளி சொல்லும் தத்துவம்

இரைச்சலைத் தடுக்க முன்னோர் கண்ட வழிகளுள் மூத்தது வேலியிடுவது. 1836இல் மைக்கேல் ஃபாரடே உலோகத்தால் சூழப்பட்ட அறைக்குள் அமர்ந்து, வெளியே மின்பொறி சீறினாலும் உள்ளே அதன் தாக்கம் இல்லை என்று காட்டினார். கம்பியின் மேல் உலோக உறை போர்த்துவது இத்தத்துவத்தின் வழி வந்ததாகும்.

அடுத்த வழி அதனினும் நுட்பமானது. 1881இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கித் தொலைபேசிக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதனை நம் தோட்டத்துக் காண்டா வாளியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். பால் வெட்டுபவர் தோளில் கம்பு. இரு முனையிலும் இரு வாளிகள். வழியில் மழை பெய்தால் இரு வாளியிலும் ஒரே அளவு நீர் சேரும். கம்பின் சமநிலை மாறாது. ஒரு வாளியில் மட்டும் ஒருவர் ஒரு கிண்ணம் பால் ஊற்றினால், கம்பு உடனே சாயும். சாய்வை மட்டும் கவனிப்பவனுக்கு மழை பெய்ததே தெரியாது. பால் ஊற்றியது மட்டும் தெரியும். முறுக்கிய கம்பிகளும் இவ்வாறே. இரண்டும் மாறி மாறி இடம் பெயர்வதால் வெளியிரைச்சல் இரண்டிலும் ஒப்ப விழுகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமையை மட்டும் அளக்கிறது. இரைச்சல் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. இன்று நம் வீட்டு இணையக் கம்பிக்குள் இருக்கும் எட்டு இழைகளும் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருப்பதன் காரணம் பெல் கண்ட அதே தத்துவமாகும்.

குறியையே மாற்றியவர்கள்

மூன்றாவது வழியைக் கண்டவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். அதுவரை வானொலி, அலையின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியைச் சுமந்தது. மின்னலும் அலையின் உயரத்தையே குலைக்கிறது. ஆகவே பெட்டியால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. ஆம்ஸ்ட்ராங் அலையின் உயரத்தை மாற்றாமல், அதன் அதிர்வு எண்ணை மாற்றி ஒலியைச் சுமக்கச் செய்தார். உயரத்தில் நிகழும் குலைவைப் பெட்டி தறித்து எறிந்துவிடும். 1933இல் அவர் காப்புரிமை பெற்றார்; 1935இல் நியூயார்க்கில் பொறியியலாளர்கள் முன் இயக்கிக் காட்டினார். குவளையில் நீர் ஊற்றும் ஓசையும், தாளைக் கசக்கும் ஓசையும் அவையோர்க்குத் தெளிவாகக் கேட்டன. ஆயினும் வணிக நிறுவனங்களோடு நீண்ட வழக்குகளில் சிக்கி, 1954இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இன்று மின்னல் எஃப்எம் உள்ளிட்ட தமிழ் நிலையங்கள் பண்பலையில் கரகரப்பின்றி ஒலிப்பது அப்பேரறிஞர் நமக்கு விட்டுச்சென்ற செல்வமாகும். மின்னலுக்கு அஞ்சாத அலைவரிசைக்கு மின்னல் என்றே பெயர் அமைந்ததும் ஓர் இனிய முரணே.

நான்காவது வழி எண்முறை. 1938இல் பாரிஸ் நகரில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஒலியை எண்களாக மாற்றி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை கோரினார். தொலைதூரக் கம்பிகளில் இடையிடையே ஒலியைப் பெருக்கும் கருவிகள் உண்டு. அவை ஒலியோடு இரைச்சலையும் பெருக்கின. இதைத் தவிர்ப்பதே ரீவ்ஸின் நோக்கம். அவர் காலத்தில் இதற்கேற்ற மலிவான கருவிகள் இல்லை. டிரான்சிஸ்டர் வந்த பின்னரே இஃது உலகில் பரவியது. 1948இல் கிளாட் ஷானன், இரைச்சல் உள்ள பாதையிலும் குறித்த வேகத்திற்கு உட்பட்டுப் பிழையின்றிச் செய்தி அனுப்பலாம் என்று கணிதத்தால் நிறுவினார். 1950இல் ரிச்சர்டு ஹேமிங், வழியில் நேர்ந்த பிழையைப் பெறுபவரே திருத்திக்கொள்ளும் குறிமுறையை வகுத்தார்.

இம்முறைக்கு நம் இலக்கிய உலகிலேயே ஒப்புமை உண்டு. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது ஒவ்வொரு படியிலும் சில பிழைகள் புகும். அடுத்த படியில் அவை பெருகும். பழைய தொலைபேசியின் நிலை இதுவே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது ஒரே ஏட்டை நம்பியிருக்கவில்லை. பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மூலத்தின் பாடத்தை மீட்டார். செய்தியோடு மிகையான சான்றையும் சேர்த்து அனுப்பினால் பிழையைக் கண்டு திருத்தலாம் என்பதே ஹேமிங் கண்ட நெறியும் ஆகும்.

இன்றைய வீட்டில் நிற்கும் இரைச்சல்

இவ்வளவு வெற்றிகளுக்குப் பின்னும் வீட்டு ஒலிபெருக்கியில் முரலல் கேட்பது ஏன்? விடை இதுதான்: எண்முறை காப்பது எண்களை மட்டுமே. இணையத்தின் வழி வரும் பாட்டின் எண்கள் பெரும்பாலும் ஒன்றும் குலையாமல் வந்து சேர்கின்றன. குலைந்தால் மீண்டும் கேட்டுப் பெறப்படுகின்றன. ஆனால் கடைசியில் அவ்வெண்கள் மறுபடியும் மின்னலையாகி, பெருக்கியில் வளர்ந்து, ஒலிபெருக்கியை அசைக்க வேண்டும். அக்கடைசி முழத்தில் 1921ஆம் ஆண்டின் இரைச்சல் இன்னும் காத்திருக்கிறது. அது பாட்டோடு வருவதன்று. பாட்டைக் கொண்டுவரும் கம்பியிலும், மின்சாரக் கம்பியிலும், நில இணைப்பிலும் ஏறி வருவது.

அதன் பிறப்பிடங்கள் இரண்டு. ஒன்று நில இணைப்பு வளையம். கணினி ஒரு மின்செருகியிலும் பெருக்கி வேறொரு செருகியிலும் நிலத்தோடு இணைந்து, இரண்டும் மறுபடி ஒலிக்கம்பியாலும் பிணைக்கப்பட்டால், ஒரு வளையம் உண்டாகிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால், அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் தாழ்ந்த முரலலாகக் கேட்கிறது. மற்றொன்று, எல்இடி விளக்கிலும் தொலைபேசி மின்னேற்றியிலும் உள்ள விரைவு விசை மின்வழங்கி. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது. பழைய டைனமோவின் பொறி இன்று கைக்கடக்கமாகி ஒவ்வொரு சுவரிலும் தொங்குகிறது எனலாம்.

பரிகாரம் தேடுமுன் நோயின் இடத்தை அறிதல் வேண்டும். பாட்டு எதுவும் இல்லாதபோது ஒலியளவைச் சற்று உயர்த்திக் கேளுங்கள். பிறகு இணையக் கம்பியைக் கழற்றுங்கள். முரலல் நின்றால் அது அவ்வழியே வருகிறது. நிற்காவிடில் கணினியிலிருந்து வரும் யூஎஸ்பி கம்பியையும், தொலைக்காட்சிக் கம்பியையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியபோது ஓசை அடங்குகிறதோ அதுவே வழி. அதன்பின் ஒன்றோடொன்று பிணைந்த கருவிகளை ஒரே செருகிப் பலகையில் சேர்த்தால் வளையம் சுருங்கும். மின்னேற்றிகளை ஒலிக்கருவியிடமிருந்து அகற்றி வைக்கலாம். இணையக் கம்பியின் இரு முனையிலும் விதிப்படி சிறிய மின்மாற்றிகள் இருப்பதால், உலோக உறையில்லாத சாதாரணக் கம்பி இரு கருவிகளின் நிலங்களை இணைப்பதில்லை. இரு முனையும் உலோகத்தால் பிணைந்த உறைக்கம்பியோ புதிய வளையத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே விலை மிகுந்த கம்பி எப்போதும் மேலானதன்று. மின்சுவர்க் கம்பியையே இணையப் பாதையாக்கும் கருவிகள் அதே கம்பியில் உயர் அலைவுகளைச் செலுத்துபவை. ஒலிக்கருவியின் அருகே அவற்றைத் தவிர்ப்பது நலம்.

இவற்றாலும் தீராதார்க்குக் கண்ணாடி இழை உண்டு. 1966இல் சார்லஸ் காவோ, மாசகற்றிய கண்ணாடி இழையில் ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று காட்டினார். 2009இல் நோபல் பரிசு பெற்றார். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஆகவே முரலலும் அதனைக் கடக்காது. மின்னல் தாக்கிய வேகமும் அதனைக் கடக்காது. ஆயினும் இழையின் முனையிலுள்ள மாற்றுப் பெட்டிக்கு மட்டமான மின்வழங்கியை இணைத்தால், வாசலில் விரட்டியது கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். முரலலை நீக்குவதற்காக முப்பின் செருகியின் நில இணைப்பைத் துண்டிப்போர் சிலர் உண்டு. ஓசை நிற்கலாம்; ஆனால் கருவியில் மின்கசிவு நேர்ந்தால் தொட்டவரின் உயிரும் நிற்கும். நிலக்கம்பி உயிர்க்காவல். அதில் கை வைக்கலாகாது.

அழியாத இரைச்சல்

ஒலிக்கும்போது சேரும் இரைச்சல் தீங்கு குறைந்தது. இன்று முரண்டு பிடிக்கும் பெருக்கி நாளை திருந்தலாம். பாட்டிற்கு ஒன்றும் நேராது. பதிவு செய்யும்போது சேரும் இரைச்சலோ பாட்டின் பகுதியாகவே தங்கிவிடும். நம் சமூகத்திற்கு இவ்வேற்றுமை வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. பால்மரக் காட்டில் பிறந்த தாலாட்டும், ஒப்பாரியும், கங்காணிக் காலத்துக் கதைகளும் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்த பிறகு, அக்குரல்களைத் தாங்கிய பழைய ஒலிநாடாக்கள் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை எண்முறைக்கு மாற்ற இளைஞர்கள் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் முரலும் கணினியோடு நாடாப் பெட்டியை இணைத்து மாற்றினால், அம்முரலல் பாட்டியின் குரலோடு என்றென்றைக்கும் பிணைந்துவிடும்.

கணினியில் இரைச்சல் நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். உண்மை, ஆனால் அது குருட்டுக் களையெடுப்பு. நாடாவின் சீறலும், சகர ஒலியின் சீறலும் ஒரே உயர்ந்த அதிர்வுகளில் வாழ்கின்றன. ஒன்றைப் பிடுங்கும்போது மற்றதும் வேரோடு வரும். ளகரமும் ழகரமும், னகரமும் ணகரமும் மெல்லிய வேறுபாட்டால் பிரிவன. அவ்வேறுபாடு தேய்ந்தால் வட்டார வழக்கின் சொல்லே அடையாளம் இழக்கும். ஆகவே, பதிவின்போதே தூய்மை காப்பதுதான் முறை. மடிக்கணினியை மின்னேற்றியிலிருந்து கழற்றி மின்கலத்தில் இயக்குக. விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துக. கைத்தொலைபேசியை ஒலிவாங்கியிடமிருந்து விலக்கி வைக்குக. பேச்சு தொடங்குமுன் ஒரு நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்க. பின்னாளில் திருத்துவோருக்கு அஃது உதவும். மூலப் பதிவைத் தொடாமல் வைத்து, படியில் மட்டும் திருத்தம் செய்க. தோட்டத்துப் பொது வானொலியைத் தெளிவாக ஒலிக்கச் செய்த மின்கலமே இங்கும் கைகொடுக்கிறது.

இன்னும் ஒரு சொல். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் இருமுறை பெருவெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய வேளையில் மின்சாரமும் இணையமும் நின்றுபோகும். தூய ஒலி தரும் கருவிகள் ஊமையாகும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி மட்டுமே பேசும். அது கரகரத்தாலும் அதில் செய்தி இருக்கும். ஆதலின் இரைச்சலற்ற இசைக்காக நாம் எவ்வளவு பாடுபட்டாலும், அச்சிறு பெட்டியை எறிந்துவிடலாகாது. தெளிவு வேண்டுவது கேட்பதன் பொருட்டே. இசைக்கும் வேளையில் முரலலைக் களைவோம். பதிவு செய்யும் வேளையில் அதனை அணுக விடாதிருப்போம். இடர் வரும் வேளையில் கரகரப்பின் ஊடேயும் காது கொடுப்போம்.